எலும்புக்குள் உறங்குவது

காலையில் பல் துலக்கியதும் ஏசுதாசன் கொப்பளித்த நீரை வெள்ளைத் தொட்டியில் துப்பிவிட்டு, அது சுழன்று ஓட்டைக்குள் இறங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சிவப்பு கலந்திருக்கிறதா என்று. பிறகு பனியனைக் கழற்றிக் கைகளையும் விலாவையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊதாத் திட்டு எதுவும் இல்லையென்றால்தான் அன்றைய கோப்பி தொண்டையில் இறங்கும். ஒன்றேகால் வருடமாக இந்தப் பழக்கம். 2024 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் சிவப்பாக இறங்கியது.

பயந்த சுபாவம் என்று அவரை லூனாஸில் யாரும் சொன்னதில்லை. பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கூடமாட வேலைக்கு ஏறி, இருபத்திரண்டில் அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது லூனாஸ் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தார். அதன்பின் கிலாங் பஸ், ஆலைப் பேருந்து. குலிம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கும் நீலப் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டினார். ஹாரன் கெட்டுப்போன நாளில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் போடும் ஒரு சத்தத்துக்கு மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கும். ஒருமுறை கடைசி இருக்கைக்கு அடியில் மலைப்பாம்பு சுருண்டிருந்தது. பெண்கள் அலறி இறங்க, அவர் அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப்போய்ச் செம்பனைக்குள் விட்டுவிட்டு வந்து, கை கழுவக்கூட நிற்காமல் வண்டியை எடுத்தார்.

அப்படிப்பட்டவருக்கு 2022 நடுவில் ஐம்பத்தைந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பாலம் தாண்டி பினாங்கில் பெரிய ஆஸ்பத்திரி. கடுமையான கீமோ, மூன்று சுற்று. முடி போனது, பதினெட்டுக் கிலோ போனது, வாயெல்லாம் புண். ஆனால் அந்த வருடக் கடைசியில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, நோய் அணுக்கள் தென்படவில்லை என்று சொன்னார்கள். மனைவி பிரிஜெட் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்கு மெழுகுவத்தியோடு போய் முழந்தாளிட்டு அழுதாள். பங்குக் கோவிலில் நன்றிப் பூசை நடந்தது. “போயிடுச்சுலா, முழுசா போயிடுச்சு,” என்று ஏசுதாசன் எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னார். வீட்டுக் குளியலறையில் மட்டும் எச்சிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் சிவந்த அன்று அவர் பிரிஜெட்டிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தலையணை உறையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். அன்றே காடியை எடுத்துக்கொண்டு பினாங்குக்குக் கிளம்பினார்கள்.

டாக்டர் நோர்லேலா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. மஜ்ஜையில் நூற்றுக்கு முப்பத்தொன்று நோய் அணுக்கள் என்றார். முதலில் கொடுத்த மருந்தை இந்த உடம்பு இன்னொரு முறை தாங்காது. மாற்று மஜ்ஜைக்குக் கூடப் பிறந்தவர் யாருடையதும் பொருந்தவில்லை. வேறு வகை ஊசி ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஏழு நாள், வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவது. இந்த நிலையில் இருப்பவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மருந்து கேட்டாலே அதிகம்.

அவர் மலாயில் சொன்னதெல்லாம் ஏசுதாசனுக்குப் புரிந்தது. அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். இல்லை என்று சொன்ன சாமான் எங்கிருந்து வந்தது?

அதைச் சொன்னது பகல்நேரச் சிகிச்சைப் பிரிவின் தாதி, மிஸி உமாராணி. சுங்கை பட்டாணிக்காரி. முதல் ஊசி போடுமுன் கையுறையை மாட்டிக்கொண்டே பேசினாள்.

“அண்ணே, அந்தச் செல்லுங்கள்ல ரெண்டு சாதி இருக்கு. பெருகிக்கிட்டே இருக்கறது ஒண்ணு. கீமோ அதத்தான் அடிக்கும், நல்லாவே அடிக்கும். இன்னொண்ணு ஸ்டெம் செல். தாய் மாதிரின்னு வச்சிக்குங்க. கொஞ்சமாத்தான் இருக்கும், எலும்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கும். தூங்கறத கீமோ கண்டுக்காது. எல்லாம் அடங்கினதும் அது முழிச்சு, மறுபடி பிள்ள பெக்க ஆரம்பிச்சிடும்.”

ஏசுதாசன் தம் இடுப்பெலும்பின்மேல் கையை வைத்துக்கொண்டார். ஊசி குத்திய வலி அவருக்குத் தெரியவில்லை.

“அப்ப நான் நன்றிப் பூசை வச்ச அன்னிக்கும் அது உள்ள இருந்துச்சா?”

“இருந்திருக்கும்ணே.”

“இந்த ஊசி அதக் கொல்லுமா?”

உமாராணி யோசித்தாள். “கோவில்ல பாட்டுப் புத்தகம் வச்சிருப்பீங்கல்ல? ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அந்த மாதிரி ஒரே புத்தகம். நல்ல செல்லுக்கும் அதுதான், தோல் செல்லுக்கும் அதுதான். எந்தப் பக்கம் தொறந்திருக்கு, எந்தப் பக்கத்துக்கு ஸ்டேப்ளர் அடிச்சு மூடியிருக்குங்கறதுதான் வித்தியாசம். வளரு, வேலையப் பாரு, வயசானா செத்துப்போன்னு ஒரு பக்கம் இருக்கு. இந்தத் தாய்ச் செல்லு அந்தப் பக்கத்த ஸ்டேப்ளர் அடிச்சு வச்சிருக்கு. எழுத்து அழியல, படிக்கத்தான் முடியல. அதனால அது வளரவும் வளராது, சாகவும் சாகாது.”

“ஊசி அந்தக் கம்பியப் புடுங்குதா?”

“நேரா புடுங்காது. செல்லு ரெண்டா பிரியும்போது புத்தகத்த போட்டோஸ்டேட் எடுக்கும். புதுப் புத்தகத்துலயும் அதே எடத்துல ஸ்டேப்ளர் அடிக்கன்னு ஒரு ஆள் நிப்பான். இந்த மருந்து அவன் கைய ஒட்ட வச்சிடும். அடிக்க ஆள் இல்லன்னா பக்கம் தொறந்துக்கும்.”

ஏசுதாசன் இதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். பஸ் எஞ்சினில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிற மூளை அது. வீடு திரும்பும்போது பாலத்தின் நடுவில்தான் அவள் சொன்னதில் இருந்த ஓட்டை அவருக்குத் தென்பட்டது. மறுநாள் போனதும் கேட்டார்.

“மிஸி, தூங்கற செல்லு போட்டோஸ்டேட் எடுக்காதே?”

“எடுக்காது.”

“அப்ப மருந்து அத ஒண்ணும் பண்ணாது.”

“தூங்கறவரைக்கும் பண்ணாதுண்ணே. அதனாலதான் மாசாமாசம் போடறோம். அது முழிக்கற நேரத்துல மருந்து அங்க இருக்கணும். பலன் தெரிய நாலு மாசம், ஆறு மாசம் ஆகும். அதுக்கு முன்னாடி ரத்தத்துல எல்லா எண்ணிக்கையும் இன்னும் கீழ எறங்கும். பயந்துடாதீங்க.”

பயந்துடாதீங்க என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்று முதல் ஏசுதாசனுக்குத் தம் உடம்பே அந்நியமானது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். படிகளில் எலும்பு அதிராமல் இறங்கினார். உள்ளே இருப்பது விழித்தால்தான் மருந்து வேலை செய்யும், விழித்தால்தான் நோய் பெருகும். அது விழிக்க வேண்டும் என்று ஜெபிப்பதா, தூங்க வேண்டும் என்று ஜெபிப்பதா? ஞாயிற்றுக்கிழமை பூசையில் கைகூப்பி நின்றபோது அவருக்கு எதைக் கேட்பது என்று தெரியாமல் உதடு வெறுமனே அசைந்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. பிரிஜெட் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால், வந்த பதில் அவளுக்கே கேட்காது.

பகல்நேரப் பிரிவில் அவருக்குப் பக்கத்து நாற்காலி அழகேசனுடையது. செர்டாங்கில் செம்பனைக் குலை வெட்டியவர், அறுபதைத் தொட்ட ஆள், அதே நோய், அதே ஊசி. சட்டையைத் தூக்கி, “இன்னிக்கு இடது பக்கம் மிஸி, வலது பக்கம் லீவு,” என்பார். வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து தடித்திருப்பதைக் காட்டி, தமக்குக் கொசுக்கடி என்று மனைவியிடம் சொல்லியிருப்பதாகச் சிரிப்பார். பஸ் கிடைக்காத இரண்டு நாள் ஏசுதாசன் அவரை செர்டாங்வரை கொண்டுபோய் விட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே காடி ஓட்டிய நேரங்களில் மட்டும் ஏசுதாசன் இடுப்பெலும்பை மறந்திருந்தார்.

நான்காவது சுற்றின் முதல் நாள் அந்த நாற்காலியில் ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்திருந்தார்.

“அழகேசன் வரலையா?” என்று ஏசுதாசன் கேட்டார்.

உமாராணி அவர் முகத்தைப் பார்க்காமல் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தாள். “போன வாரம் தவறிட்டாருண்ணே. கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு.”

தாளில் ஏசுதாசனின் எண்ணிக்கைகளும் முந்தைய மாதத்தைவிடக் கீழே இருந்தன. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் இல்லாததற்குச் சமம். அவர் ஊசியைப் போட்டுக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போடப் பத்து நிமிடம் ஆனது.

மறுநாள் பிரிஜெட் பள்ளிக் கேண்டீன் வேலைக்குப் போய்விட்டாள். ஏசுதாசன் வழக்கம்போல எட்டு மணிக்குக் கிளம்பினார். சாலைச் சந்திப்பில் பினாங்குக்குத் திரும்ப வேண்டும். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் கை ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தது. குலிமைத் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை நிழல் விழுந்த சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்குச் செர்டாங் பெயர்ப்பலகையைப் பார்க்கும்வரை தெரியாது. அந்த மருந்து அழகேசனைக் கொன்றது, நம்மையும் கொல்லும் என்ற ஒரே நினைப்புத்தான் எஞ்சின் சத்தம்போல ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசி மூன்று முறை அடித்தது. அவர் எடுக்கவில்லை.

அழகேசன் வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. மனைவி காளியம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மெலிந்த, கறுத்த பெண். முன்பு தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவள். அவரைக் கண்டதும் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

“உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு, அண்ணே. பஸ் டிரைவரு, ஆனா இப்ப கொரலே வரமாட்டேங்குதுன்னு.”

ஏசுதாசன் தலையை ஆட்டினார். கேட்க வந்ததை அவரால் உடனே கேட்க முடியவில்லை. கடைசியில், “ஊசியாலயா, தங்கச்சி?” என்றார்.

“ஊசியா? இல்லண்ணே.” காளியம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். “வெள்ளிக்கெழம காலையில அவருக்குக் காய்ச்சல். எங்கிட்ட சொல்லல. காய்ச்சல் வந்தா ஒரு மணி நேரத்துல வந்துடணும்னு மிஸி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு. வார்டுல படுத்தா திரும்பி வரமாட்டோம்னு இவருக்குப் பயம். பனடோல் மாத்திரையப் போட்டுப் போட்டு மறைச்சிருக்காரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்திருக்க முடியல. ஒடம்பு ஐஸ் மாதிரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அன்னிக்கு ராத்திரியே வார்டுல போயிட்டாரு. அப்புறம் கட்டிலுக்கு அடியில பாத்தா வெறும் மாத்திரை அட்டையா கெடக்குது, நாலு.”

அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே இருந்தாருண்ணே. மூணு நாளும் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. நான்கூட நல்லாயிருக்காருன்னு நெனச்சேன்.”

வெயில் பந்தல் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஏசுதாசனுக்குப் பல் துலக்கும் தொட்டியில் தண்ணீர் சிவந்த நாளும், அதன்பின் இரண்டு நாள் தாம் பேசாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன. இந்த வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த ஆளுக்கும் தமக்கும் நடுவில் ஒரு தலையணை உறைதான் வித்தியாசம் என்று தோன்றியபோது, எழப் பார்த்தவர் மறுபடி நாற்காலியிலேயே சரிந்தார். காளியம்மா பதறித் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். கைப்பேசி நான்காம் முறை அடித்தது.

“அண்ணே, எங்க இருக்கீங்க?” உமாராணியின் குரலில் கோபம் இல்லை.

“செர்டாங்ல.”

அவளுக்கு யார் வீடு என்று புரிந்திருக்க வேண்டும்.

“பயமா இருக்கு மிஸி,” என்றார் ஏசுதாசன். இரண்டு வருடத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. காளியம்மா எதிரில் நின்றிருந்தது அவருக்கு உறைக்கவேயில்லை.

“இருக்கும்ணே. நல்லாயிடும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நாலாவது ரவுண்டுல விட்டுட்டுப் போனா, மூணு ரவுண்டு போட்டது வீண். மருந்த இன்னும் கலக்கல. கலக்கி ரொம்ப நேரம் வைக்க முடியாது, நீங்க வந்தாத்தான் கலக்கச் சொல்லுவேன். நாலு மணிக்குள்ள வாங்க. மெதுவா ஓட்டுங்க.”

மூன்றே முக்காலுக்கு அவர் போய் நின்றார். உமாராணி ஒன்றும் கேட்காமல் சட்டையைத் தூக்கச் சொன்னாள்.

ஐந்தாவது சுற்று முடிந்து பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. மதியம் மூன்று மணி. ஏசுதாசனுக்கு முதுகில் குளிர் ஓடியது. வெப்பமானியை நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார். 38.2. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். 38.3. பிரிஜெட் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியில் பனடோல் இருந்தது. வார்டுக்குப் போனால் குழாய்கள், தனி அறை, முகக்கவசம் போட்டவர்கள், அழகேசன் கடைசியாகப் பார்த்த கூரை. நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் மிக நியாயமாகப் பேசியது. அவர் அலமாரிக் கதவைத் திறந்தேவிட்டார். அட்டையைக் கையில் எடுத்தார். அதன் வெள்ளிக் காகிதம் விரலில் நொறுங்கும் சத்தம் கேட்டதும், காளியம்மா சொன்ன கட்டிலுக்கு அடியைக் கண்ணால் கண்டதுபோல இருந்தது.

“பிரிஜெட்!”

தாமான் முழுக்கக் கேட்டிருக்கும். அவள் ஈரத் துணியோடு ஓடி வந்தாள். கதவுக்குக் கதவு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“காய்ச்சல். முப்பத்தெட்டு மூணு. வண்டிய எடு.”

“ஏங்க, லைசென்ஸ்தான் இருக்கு, நான் ஓட்டியே பத்து வருசம் ஆச்சு.”

“ஓட்டுலா! நான் பக்கத்துல இருக்கேன்!”

அவள் பாலத்தில் மணிக்கு நாற்பதில் ஓட்டினாள். எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள். பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே அவர், “கியர மாத்து, இப்ப மாத்து,” என்று சொல்லிக்கொண்டு போனார். அவசரப் பிரிவில் நாற்பது நிமிடத்துக்குள் மருந்து ஏறியது. பதினோரு நாள் தனி அறையில் கிடந்தார். ஐந்தாம் நாள் ரத்த அழுத்தம் விழுந்தபோது குருவானவரை அழைத்து நோயில்பூசுதல் கொடுத்தார்கள். எண்ணெய் நெற்றியில் பட்டபோது அவருக்கு நினைவிருந்தது. சாகத்தான் போகிறோம் என்று அப்போது நிச்சயமாக நம்பினார். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

ஆறாவது சுற்று முடிந்ததும் இடுப்பெலும்பில் துளையிட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். முடிவுக்குப் பத்து நாள் காத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளும் பிரிஜெட் அவர் தட்டில் வைத்தது பாதி மிச்சம் வந்தது.

டாக்டர் நோர்லேலா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். முப்பத்தொன்று இருந்த இடத்தில் நான்கு.

பிரிஜெட் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஏசுதாசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல தூங்கறதும் சேர்த்தியா, டாக்டர்?” என்று மலாயில் கேட்டார்.

“இல்லை. அதை எங்களால் எண்ண முடியாது. மருந்து கேட்கும்வரை ஊசியைத் தொடருவோம். எவ்வளவு காலம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.”

இது நடந்து வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. இப்போது அவர் பத்தொன்பதாவது சுற்றில் இருக்கிறார். ரத்தத் தட்டணுக்கள் ஏறிய பிறகு பஸ் முதலாளி அவருக்குக் காலை நேர ஓட்டம் மட்டும் கொடுத்திருக்கிறார். மாதத்தில் அந்த ஏழு நாளும் வேறு ஆள் ஓட்டுகிறான். எச்சிலைப் பார்ப்பது நின்றபாடில்லை. ஒரு வித்தியாசம், இப்போது குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை. “என்னா?” என்று பிரிஜெட் அடுப்படியிலிருந்து கேட்பாள். “இல்ல,” என்று அவர் சொல்லுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை செர்டாங் போய்க் காளியம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

போன மாதம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி பகல்நேரப் பிரிவுக்கு வந்தாள். அடுத்த முறை மஜ்ஜை எடுக்கும்போது ஒரு கரண்டி கூடுதலாக எடுத்துத் தரச் சம்மதமா என்று உமாராணி தமிழில் விளக்கினாள். அந்தத் தாய்ச் செல்கள் எந்தெந்தப் பக்கத்தை மூடி வைத்திருக்கின்றன, மருந்துக்குப் பிறகும் எதைத் திரும்ப மூடுகின்றன என்று பார்க்கப் போகிறார்கள்.

ஏசுதாசன் படிவத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“அத உசுரோட வச்சிருப்பீங்களா?”

உமாராணி அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னாள். “உறைய வச்சிருப்பாங்களாம். வேணுங்கறப்ப எழுப்பி வளர்ப்பாங்களாம்.”

தாம் போன பிறகும் அது எங்கோ ஒரு பெட்டிக்குள் உயிரோடு இருக்கும். யாரோ அதை எழுப்புவார்கள். கையிலிருந்த பேனா நழுவி நாற்காலிக்கு அடியில் உருண்டது. பிரிஜெட் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

“பேரு போடுவாங்களா?”

“இல்லண்ணே. நம்பர் மட்டும்தான்.”

“அது முழிச்சா, அவங்க பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?”

“அதுக்குத்தான் கேக்கறாங்க.”

கை ஆட்டம் நிற்கக் கொஞ்சம் காத்திருந்தார். நிற்கவில்லை. ஆடிய கையாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைய ஊசிக்குச் சட்டையைத் தூக்கினார்.